மூன்று எலுமிச்சைக்கு என்ன தாளம்?

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் ஊரே கல்யாண வீடு. முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால், கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் ஒரே காலையில் பல கழுத்துகளில் தாலி ஏறும். அப்படியொரு வைகாசிக் காலையில் மொட்டை மாடியில் நின்று மூன்று எலுமிச்சம்பழங்களை மேலே வீசிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். ஜக்ளிங் என்கிறார்களே, அந்த வித்தை. பின்தெரு மண்டபத்திலிருந்து நாகசுரமும் தவிலும் மிதந்து வந்தன. கை தானாக அந்தத் தாளத்தில் ஒட்டிக்கொண்டது. இருபது வீச்சு, முப்பது வீச்சு, நாற்பது. ஒரு பழமும் விழவில்லை. பாட்டு இருந்தால் வித்தை இவ்வளவு எளிதா என்று நினைத்த நேரத்தில் மண்டபத்தில் யாரோ “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று குரல் கொடுத்தார். தவில் பொங்கியது. என் மூன்று பழங்களும் மூன்று திசையில் உருண்டன.

வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஊரான் மேளத்துக்குப் போட்டா எப்படிடா நிக்கும்? நாங்க சொட்டாங்கல் ஆடுறப்ப நாங்களேதான் பாடிக்கிருவோம்” என்றாள்.

பழங்கள் ஏன் விழுந்தன, அப்பத்தா சொன்னதில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் இந்த அத்தியாயம்.

வாசலில் தொங்கிய பந்து

பரங்குன்றத்துக்கும் பந்துக்கும் உள்ள உறவு பழையது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் இந்தக் குன்றுக்கு வழி சொல்லும்போது, மதுரையாகிய மாடக்கூடலுக்கு மேற்கே என்கிறார். அந்தக் கூடலின் கோட்டை வாயிலில் உயர்ந்த கொடியோடு நூலால் வரிந்த பந்தும் பாவையும் தொங்குவதாகக் காட்டுகிறார். எதிர்க்க வருபவர்களைப் பார்த்து, “போரை விடுங்கள், இதை வைத்து விளையாடுங்கள்” என்று கேலி செய்யும் அடையாளம் அது. பந்து பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்று ஊருக்கே தெரிந்திருந்தால்தான் அந்தக் கேலி எடுபடும்.

அந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டு இருந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதை மூன்று வேந்தருக்கும் மூன்று விளையாட்டுப் பாடல்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. சோழனுக்கு அம்மானை, பாண்டியனுக்குக் கந்துகம், சேரனுக்கு ஊசல். அம்மானை என்பது காய்களை மேலே வீசிப் பிடிக்கும் ஆட்டம். கந்துகம் என்பது பந்தை அடித்து ஆடும் ஆட்டம். ஊசல் என்பது ஊஞ்சல். இன்றைய மொழியில் சொன்னால், எந்த அசைவுக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்து வைத்த பட்டியல்.

கந்துக வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். அம்மானை வரியோ ஆற அமரக் கேள்வி கேட்டு விடை சொல்லும். பாண்டியன் அவசரக்காரன், சோழன் நிதானக்காரன் என்பதற்காக இளங்கோவடிகள் இப்படிப் பாடியிருக்க மாட்டார். இயற்பியல் வேறொரு காரணம் சொல்கிறது. தரையை நோக்கி அடிக்கும் பந்தின் வேகம் அடிப்பவள் கையில் இருக்கிறது. இன்னும் தாழ்வாக, இன்னும் ஓங்கி அடித்தால் பந்து இன்னும் சீக்கிரம் திரும்பும். மேலே வீசிய காய் அப்படிக் கட்டுப்படாது. கையை விட்டுப் போன பிறகு அது பூமியின் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டது. எப்போது திரும்பி வருவது என்பதை அதன் உயரம் முன்பே தீர்மானித்துவிட்டது.

உயரம்தான் தாளம்

கணக்கு எளிது. மேலே வீசிய பொருள் காற்றில் எத்தனை வினாடி இருக்கிறதோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 1.23 ஆல் பெருக்கினால், அது எத்தனை மீட்டர் உயரம் போனது என்று கிடைக்கும். ஒரு வினாடி காற்றில் இருக்க வேண்டுமானால் 1.23 மீட்டர். அரை வினாடி இருக்க 31 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி. நேரம் பாதியானால் உயரம் கால்பங்காகும். எலுமிச்சையோ இரும்புக் குண்டோ, இந்தச் சின்ன உயரங்களில் எடை கணக்கில் வராது.

சொட்டாங்கல்லில் ஒரு கல்லை ஓர் அடி உயரம் போட்டுவிட்டுக் கீழே கிடக்கும் கற்களை அள்ளும் சிறுமிக்குக் கிடைப்பது அந்த அரை வினாடிதான். நான்கையும் சேர்த்து அள்ள வேண்டிய கட்டம் வரும்போது அவள் கல்லை இன்னும் உயரமாகப் போடுவாள். இரண்டடி போட்டால் நேரம் இரண்டு மடங்காகாது, சுமார் 0.7 வினாடிதான். ஒரு வினாடி வேண்டுமானால் நாலடி போட வேண்டும். உயரம் கூடக் கூட லாபம் குறையும், குறி தவறும் வாய்ப்பு கூடும். இதையெல்லாம் எந்தச் சூத்திரமும் இல்லாமல் கை கற்றுக்கொள்கிறது.

ஒரு கல்லுக்கு இது போதும். மூன்று காய், இரண்டு கை என்றால்? அதற்கு ஒரு சமன்பாடு எழுதியவர் கிளாட் ஷானன். 1948இல் தகவல் கோட்பாட்டை உலகுக்குத் தந்த அதே ஷானன்தான். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவதும் பந்து வீசிப் பிடிப்பதும் அவருடைய பொழுதுபோக்குகள். பந்துகளைத் துள்ளவிட்டு ஆடும் பொம்மை இயந்திரம்கூடக் கட்டினார். அவர் சொன்னது இதுதான். ஒரு காய் காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் இருக்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு கை வெறுமையாக இருக்கும் நேரத்தையும் காயோடு இருக்கும் நேரத்தையும் கூட்டிக் காய்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டும் சமம்.

என் மாடிக்கு இதைக் கொண்டுவருவோம். 0.3 வினாடிக்கு ஒரு வீச்சு. வலது, இடது, வலது, இடது. அப்படியானால் ஒவ்வொரு கைக்கும் 0.6 வினாடிக்கு ஒரு முறை வேலை. அதில் 0.4 வினாடி பழம் கையில் இருக்கிறது, 0.2 வினாடி கை காலி என்று வைத்துக்கொள்வோம். ஷானன் கணக்கில் பழம் காற்றில் இருக்க வேண்டிய நேரம் சரியாக அரை வினாடி வரும். உயரம் ஓர் அடி. மார்பிலிருந்து நெற்றி வரை. கண்ணுக்கு நேரே வந்து திரும்பும் வசதியான உயரம்.

இப்போது பாட்டைப் பொருத்துங்கள். பாட்டின் ஒரு தட்டுக்கு இரண்டு வீச்சு என்று கொண்டு, கையின் பங்கீடும் இப்படியே இருக்குமானால், நிமிடத்துக்கு 60 தட்டு உள்ள தாலாட்டு வேகத்துக்குப் பழம் 85 சென்டிமீட்டர் எழ வேண்டும். 80 தட்டுக்கு 48 சென்டிமீட்டர். 100 தட்டுக்கு 31. 120 தட்டு உள்ள குத்துப்பாட்டுக்கு 21. பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது, பழம் எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான்.

கெட்டிமேளத்தில் நடந்த விபத்தும் இப்போது விளங்கும். தவில் இரட்டிப்பானது; காது சொன்னதைக் கை கேட்டது. அந்த வேகத்துக்குப் பழம் எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் எழலாம். என் கையோ வேகத்தை மட்டும் மாற்றிவிட்டு, உயரத்தைப் பழையபடியே விட்டுவிட்டது. அடுத்த பழத்தைப் பிடிக்கக் கை போனபோது பழம் இன்னும் மேலேதான் இருந்தது.

இன்னொரு குழப்பமும் இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் பாறைக்குப் பக்கத்தில் எழும் எந்தச் சத்தமும் இரண்டு முறை கேட்கும். நேராக வருவது ஒன்று, குன்றில் பட்டு வருவது ஒன்று. சத்தம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பாறை வழியாக வரும் சத்தம் 105 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் 0.3 வினாடி பிந்தும். அது சரியாக என் ஒரு வீச்சின் நேரம். அப்போது எதிரொலி தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் மாறியதும் எதிரொலியும் தாளமும் தனித்தனியே பிரிந்துவிடும். எதைப் பிடிப்பது என்று காது தடுமாறும்.

ரூபகமா, ஆதியா?

வேகத்தை முடிவு செய்துவிட்டோம். அடுத்தது தாளத்தின் சுற்று. இதற்கு ஒரு சோதனை. ஒரு மஞ்சள் எலுமிச்சை, ஒரு பச்சை எலுமிச்சை, ஒரு சிவப்பு வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கை மாற்றி மாற்றி வீசும்போது, வலது கையில் புறப்பட்ட வெங்காயம் நாலாவது வீச்சில் இடது கையிலிருந்து போகும். ஏழாவது வீச்சில் மறுபடி வலது கைக்கு வரும். ஆக, ஆறு வீச்சில் எல்லாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

ஒரு வீச்சுக்கு ஓர் எண்ணிக்கை என்று கொண்டால், ஆறு எண்ணிக்கை ரூபக தாளம். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் தட்டிலும் அதே வெங்காயம், அதே வலது கை. தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் சொல்ல வேண்டுமானால் ‘தகிட தகிட’. ஒவ்வொரு ‘த’வும் வெங்காயத்தின் மேல் விழும், ஒரு முறை வலது கையில், அடுத்த முறை இடது கையில்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எட்டு இரட்டைப்படை என்பதால் சமம், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கை, எப்போதும் வலது கையில்தான் விழும். ஆனால் காய் மாறிக்கொண்டே இருக்கும். முதல் சுற்றில் வெங்காயம், அடுத்த சுற்றில் வேறொன்று, அதற்கடுத்து இன்னொன்று. 24 வீச்சுகள், அதாவது மூன்று ஆவர்த்தனம் முடிந்தால்தான் வெங்காயம் மறுபடி சமத்துக்கு வரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் மூன்று முறை தட்டி முடிக்கும் தீர்மானத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த மூன்று சுற்றுப் பயணம் பிடித்துப்போகும். புதிதாகப் பழகுபவரை இது குழப்பும்.

நான்கு காய் என்றால் கதையே வேறு. ஒவ்வொரு கையும் தனக்கான இரண்டு காய்களைத் தானே வீசிப் பிடிக்கும். காய்கள் கை மாறுவதில்லை. ஆதி தாளம் அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். ஐந்து காய்க்குக் கண்ட சாபு. ‘தகதகிட’ என்ற ஐந்தில் ஒவ்வொரு ‘தக’வின் தொடக்கமும் ஒரே காய், கை மட்டும் மாறும். ஆனால் அதே வேகத்தில் ஐந்து காய் வீச வேண்டுமானால் ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் எழ வேண்டும். உள்ளே ஆடினால் மின்விசிறிக்கு ஆபத்து.

கண் உச்சியில், காது கையில்

காய் வீசுபவர் எதைப் பார்க்கிறார்? கையைப் பார்ப்பதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோவர்ட் ஆஸ்டின் 1970களில் ஒரு சோதனை செய்தார். பந்து செல்லும் பாதையின் பெரும்பகுதியை மறைத்துவிட்டு உச்சியை மட்டும் தெரியவிட்டார். உச்சியின் ஓரிரு அங்குலம் கண்ணில் பட்டாலே ஓரளவு பழகியவர்களால் தொடர்ந்து ஆட முடிந்தது. காய் எங்கே விழும் என்பதைக் கண் உச்சியிலேயே படித்துவிடுகிறது. கீழே நடக்கும் பிடிப்பும் விடுப்பும் உள்ளங்கையின் தொடுவுணர்வுக்கும் காதுக்கும் விட்டுவைத்த வேலை.

காது இந்த வேலையில் கெட்டிக்காரி. மினுக்கும் விளக்கைப் பார்த்துத் தாளம் தட்டுவதைவிட, ஓசையைக் கேட்டுத் தட்டும்போது மனிதர்கள் பிசகாமல் தட்டுகிறார்கள். எதுவும் ஒலிக்காதபோது உங்கள் போக்கில் மேசையைத் தட்டச் சொன்னால், பெரும்பாலும் சுமார் 0.6 வினாடிக்கு ஒரு தட்டு விழும் என்று பிரெஞ்சு உளவியலாளர் பால் ஃப்ரெஸ் காட்டினார். நிமிடத்துக்கு 100 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு வீச்சு என்றால் 0.3 வினாடி, உயரம் ஓர் அடி. மனிதனுக்கு இயல்பான தாளமும், மார்பிலிருந்து நெற்றி வரையிலான அந்த ஓரடியும் இப்படி ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

ஆனால் முதல் சில வாரங்களுக்குப் பாட்டே வேண்டாம். 2004இல் ‘நேச்சர்’ இதழில் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதம் மூன்று பந்து வீசப் பழகியவர்களின் மூளையில், நகரும் பொருள்களைக் கண்காணிக்கும் பகுதிகள் பருத்திருந்தன. பழக்கத்தை விட்டு மூன்று மாதமானதும் அந்தப் பருமன் குறைந்தது. கண்ணின் பாடம்தான் முதலில் ஏறுகிறது. அந்த நேரத்தில் தேவையான ஒரே இசை, காய் உள்ளங்கையில் விழும் ‘தொப், தொப்’ ஓசை. அது சீராகக் கேட்டால் உயரமும் சீராக இருக்கிறது என்று பொருள்.

சிலேடை என்னும் பரீட்சை

சீரானதும்? அம்மானைக்காரிகள் இங்கேதான் நம்மை மிஞ்சுகிறார்கள். மூன்று பெண்கள் காய் வீசியபடி ஆடுவார்கள். முதலாமவள் இறைவனைப் பற்றியோ அரசனைப் பற்றியோ ஒரு செய்தி சொல்வாள். இரண்டாமவள் அதில் ஒரு முரணைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்பாள். மூன்றாமவள் சிலேடையால் அந்த முடிச்சை அவிழ்ப்பாள். சொல்லும் கேள்வியும் விடையும் ‘அம்மானை’ என்று முடியும். எங்கள் ஊருக்கு ஏற்றபடி நான் கட்டிய ஓர் உதாரணம்: பரங்குன்றில் முருகன் மாப்பிள்ளையாய் அமர்ந்திருக்கிறான் என்கிறாள் ஒருத்தி. மாப்பிள்ளை என்றால் பழநியில் ஏன் ஆண்டி என்கிறாள் அடுத்தவள். ஆண்டி ஆனாலும் உலகை ஆண்டவன் அவன்தானே என்று முடிக்கிறாள் மூன்றாமவள்.

இன்றைய உளவியல் ஆய்வுக்கூடங்களில் இதற்கு இரட்டை வேலைச் சோதனை என்று பெயர். ஒரு திறமை உடம்பில் ஊறிவிட்டதா என்று பார்க்க, அதைச் செய்துகொண்டே இன்னொரு மூளை வேலையும் செய்யச் சொல்வார்கள். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வது போல. கவனத்தின் உதவியில்லாமல் கை ஓடினால்தான் சொல்லில் கவனம் வைக்க முடியும். சிலேடை சரியாக வந்து, காயும் விழாமல் இருந்தால் அவள் தேறிவிட்டாள். பழகும்போது வார்த்தையில்லாத தாளம், பழகிய பின் வார்த்தை நிறைந்த பாட்டு என்ற வரிசையை நாம் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மதுரை வட்டாரம் அம்மானையை விடாமல் பிடித்து வைத்திருந்தது. பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் 20 பாடல்களில் திருவம்மானை பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் எட்டாவது பருவமாக அங்கயற்கண்ணியையே அம்மானை ஆட அழைத்தார். திருமலை நாயக்கரின் தளபதியைப் பற்றிய இராமப்பய்யன் அம்மானை வந்தபோது, காய் போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. வீசிப் பிடிக்க எதுவும் இல்லாமலே ‘அம்மானை’ என்ற சொல் போர்க்கதையின் வரிமுடிவில் நின்றது.

பாடிக்கொண்டே வீசுவது நம்மிடம் மட்டும் இருந்த பழக்கமும் இல்லை. பசிபிக் கடலின் டோங்கா தீவுகளில் பெண்கள் காய்களை வீசிப் பிடித்தபடி பாட்டாகச் சொல்லும் விளையாட்டுக்கு ஹிக்கோ என்று பெயர். கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் உடன் சென்ற ஜார்ஜ் ஃபார்ஸ்டர், ஐந்து காய்களை ஆடிய ஒரு சிறுமியை வியந்து எழுதியிருக்கிறார். இந்தியாவிலிருந்து லண்டன் மேடைக்குப் போன வித்தைக்காரரின் ஆட்டத்தைப் பார்த்த வில்லியம் ஹாஸ்லிட், 1821இல் எழுதிய கட்டுரையில், அந்த நான்கு பித்தளைப் பந்துகள் மேடை இசையோடு இசைந்து சுழன்றதைக் குறிப்பிடுகிறார். லண்டன் மேடையில் வாசித்தவர்கள் வேறு, ஆடியவர் வேறு. டோங்காப் பெண்களும் அம்மானைக்காரிகளும் தாங்களே பாடினார்கள்.

இந்த வேறுபாடு சின்னதில்லை. காய் சற்று உயரப் போய்விட்டால், பாடுகிறவள் ஓர் உயிரெழுத்தைக் கூடுதலாக நீட்டினால் போதும். அடுத்த சொல் காயோடு சேர்ந்து இறங்கும். அம்மானை என்ற சொல்லிலேயே நீட்டுவதற்கு ஒரு ‘மா’ இருக்கிறது. கரகாட்டத்திலும் இதே ஏற்பாடுதான். நையாண்டி மேளத்தின் தவில்காரர் கண் ஆட்டக்காரியின் காலில் இருக்கும். அடி பிந்தினால் தவில் பொறுத்துக்கொள்ளும். செல்பேசியில் ஓடும் பாட்டு யாருக்காகவும் பொறுக்காது. அதனால் பதிவு செய்த பாட்டை வைத்துப் பழகுபவர் உயரத்தை மிகச் சரியாக வைத்தாக வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் கடுமையான வாத்தியார்.

அடுத்த முகூர்த்த நாளில் மாடிச் சுவரில் என் மார்பிலிருந்து ஓர் அடி மேலே கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். பழம் அந்தக் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. மண்டபத்தில் வாசிப்பு தொடங்கியது. நான் அதைக் கேட்காமல் வாய்க்குள் ‘தகிட தகிட’ சொல்லிக்கொண்டேன். கெட்டிமேளம் வந்தது, தவில் பொங்கியது, குன்று அதைத் திருப்பி அனுப்பியது. பழங்கள் கோடு வரை போயின, வந்தன. மேளம் ஓய்ந்த பிறகும் போய் வந்துகொண்டிருந்தன.

அப்பத்தா இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். “ஊறுகாய்க்கு வாங்குன பழம்டா அது. ஆடுனது போதும், கொண்டா” என்றாள்.